கலங்கரை விளக்கமும் ஒன்பது சிகரெட்டும்

5

"ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கறவன் முதல்ல எதைப் பார்ப்பான்?" என்று கேட்டார் சர்வேயர்.

"பொண்டாட்டி பின்னாடி வர்றாளான்னு பார்ப்பான்," என்றான் கண்டக்டர்.

புதன்கிழமை காலை ஆறரை மணி. துறைமுகச் சாலை முனையில் இருந்த பெட்டிக்கடையின் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே சாத்திக்கொண்டிருந்தாள் கடைக்கார அம்மா. முதல் போணி ஆகும்வரை யாரோடும் பேசுவதில்லை என்று கொள்கை வைத்திருப்பவள் போலிருந்தது. கண்டக்டர் ஒரு ரொட்டிப் பொட்டலம் வாங்கி அந்தக் கொள்கையை உடைத்தான்.

கண்டக்டருக்குப் பஸ் வேலை போய் ஆறு வருஷமாகிறது. பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. நாற்பத்திரண்டு வயது. தலையில் முடி கிடையாது, வாயில் பூட்டு கிடையாது. அவனுடைய அக்கா புருஷன்தான் சர்வேயர். தீ விபத்து நடந்த இடங்களைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவதிலேயே இருபது வருஷத்தை ஓட்டியவர். கம்பெனியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து துப்பறிய ஆரம்பித்தபோது, "என் தம்பியையும் கூட்டிட்டுப் போங்க, வீட்டுல இருந்தா என் மூளையைத் தின்னுடுவான்," என்று அக்கா தள்ளிவிட்ட சரக்கு இவன். அன்றிலிருந்து சர்வேயரின் மூளையைத் தின்றுகொண்டிருக்கிறான்.

அவர்கள் இந்த ஊருக்கு வந்து முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. விஷயம் இதுதான். நேற்று, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, இங்கிருக்கும் பழைய கலங்கரை விளக்கத்தின் உச்சி அறையில் தீப்பிடித்தது. கட்டடத்துக்கு ஒரு கீறல் இல்லை. எரிந்தது நாற்பத்தொரு நோட்டுகள். கரையோரத்து விளக்குகளில் வேலை பார்த்தவர்கள் நூறு வருஷமாகத் தினம் தினம் எழுதி வைத்த நாட்குறிப்புகள். நானே சிகரெட் பிடித்து அஜாக்கிரதையாகப் போட்டேன் என்று அந்த விளக்கின் கடைசி விளக்குக்காரர் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் இப்போது லாக்கப்பில் இருக்கிறார். சாயங்காலம் நாலு மணிக்கு கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

சர்வேயருக்கு போன் போட்டு வரவழைத்தது விளக்குக்காரரின் மனைவி. துறைமுக ஆபீசில் டைப்பிஸ்ட். "எங்க வீட்டுக்காரர் பிறந்ததிலேர்ந்து சிகரெட்டைத் தொட்டது இல்ல சார். யாரோ மிரட்டி எழுதி வாங்கியிருக்காங்க. கோபுரத்தை இடிக்கக் காத்திருக்கற அந்த கான்ட்ராக்டரைப் பிடிங்க," என்று நேற்றுச் சாயங்காலம் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாமல் சொன்னாள். அழுவதற்கு நேரமில்லாதவள் மாதிரி இருந்தாள்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். விளக்குக்காரர் கொடுத்த சிகரெட் பாக்கெட்டைக் காட்டினார். பத்து சிகரெட் பாக்கெட். உள்ளே ஒன்பது இருந்தன. அந்த ஒன்பதையும் பார்த்ததிலிருந்து சர்வேயருக்குத் தூக்கம் இல்லை. அவர் தூங்காததால் கண்டக்டருக்கும் இல்லை.

"விளக்குக்காரரா?" என்றாள் கடைக்கார அம்மா, சில்லறையை எண்ணிக் கையில் வைத்தபடி. "இருபது வருஷமா என் கடையைத் தாண்டித்தான் போறாரு, வர்றாரு. ஒரு மிட்டாய் வாங்கினது கிடையாது. நேத்து வந்து சிகரெட்டு, தீப்பெட்டின்னு நிக்கறாரு. எந்த சிகரெட்டுன்னு கேட்டா, எதுன்னாலும் சரிங்கறாரு. பிடிக்கறவன் எவனாவது எதுன்னாலும் சரின்னு சொல்லுவானா?"

சர்வேயர் கண்டக்டரைப் பார்த்தார். "வாங்கறவன் முதல்ல பார்க்கறது பேரைத்தான். தெரிஞ்சுக்க." பிறகு கடைக்காரியிடம் திரும்பினார். "இது எத்தனை மணிக்கும்மா?"

"ஒன்பது. ரேடியோல நியூஸ் ஆரம்பிச்சிருந்தது. சட்டையெல்லாம் ஈரம், மூஞ்சியெல்லாம் கரி. என்ன ஆச்சுன்னேன். மேல தீப்பிடிச்சிருச்சு, அணைச்சுட்டேன்னாரு. அணைச்சுட்டு வந்த மனுஷனுக்குத் தீப்பெட்டி எதுக்குன்னு நான் கேட்கல. வியாபாரத்துல அதெல்லாம் கேட்கக் கூடாது."

கண்டக்டர் வாயில் போட்ட ரொட்டியை மெல்ல மறந்து நின்றான்.

"எட்டு மணிக்குத் தீ," என்றார் சர்வேயர், சாலையில் நடந்தபடி. "அதைப் பத்த வச்ச சிகரெட்டு ஒன்பது மணிக்கு வாங்கினது."

"பஸ் போன பிறகு கை காட்டற மாதிரி இருக்கே அத்தான்."

"ஆமாம். தப்புப் பண்ணிட்டு ஆதாரத்தை அழிக்கறவனைப் பார்த்திருக்கேன். பண்ணாத தப்புக்கு ஓடிப்போய் ஆதாரம் வாங்கிட்டு வர்றவனை இப்பத்தான் பார்க்கறேன். அந்த ஆள் யாரையோ காப்பாத்தறார்."

"கான்ட்ராக்டரையா? அவனுக்காகப் போய் எவனாவது ஜெயிலுக்குப் போவானா?"

"அதைத்தான் கேட்கப் போறோம்," என்ற சர்வேயர், சிகரெட் வாங்கிய நேரத்தை டைப்பிஸ்டுக்கு போன் போட்டுச் சொன்னார்.

கேட்பதற்கு அலையவே வேண்டியிருக்கவில்லை. கலங்கரை விளக்கத்தின் அடிவாரத்தில் கான்ட்ராக்டரே நின்றுகொண்டிருந்தார். ஒரு முனையை ஆணியில் மாட்டிவிட்டு, தனியாளாக டேப் பிடித்து முற்றத்தை அளந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சுவரில் உப்புக் காற்று தின்றது போக மிச்சம் இருந்த கோபுரம் அவர் தலைக்கு மேலே உயர்ந்து நின்றது. பக்கத்திலேயே அதன் வேலையைப் பிடுங்கிக்கொண்ட இரும்புக் கம்பம். உச்சியில் ஒரு தானியங்கி பல்ப். மனுஷர் யாரும் தேவையில்லாத விளக்கு.

இந்த மாநிலக் கரையில் ஒரு காலத்தில் இப்படிப் பதினேழு கோபுரங்கள் இருந்தனவாம். கம்பங்கள் வந்த பிறகு பதினொன்றை இடித்தாயிற்று. மிச்சம் இருக்கும் ஆறில் எதைப் பாதுகாப்பது, எதைத் தரைமட்டமாக்குவது என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி வெள்ளிக்கிழமை வருகிறது. கோபுரத்தின் வயசுக்கும் உழைப்புக்கும் மூல ஆதாரம் காட்ட வேண்டும். அந்த ஆதாரம்தான் நேற்று எரிந்து போனது.

"எனக்குத் தெரியும், என்கிட்டத்தான் வருவீங்கன்னு," என்றார் கான்ட்ராக்டர், வாயின் ஒரு பக்கத்தால் மட்டும். "நான் இடிக்கறவன்தான் சார். எரிக்கறவன் இல்ல."

"நோட்டு இல்லாட்டி இடிக்கறது சுலபம்தானே?"

"சுலபம்தான். அதனாலதான் தீன்னதும் ஊரே என்னைத் திரும்பிப் பார்க்கும். அது தெரியாத மடையனா நான்? நேத்து ஏழரை மணியிலேர்ந்து பத்து மணி வரைக்கும் பல் டாக்டர் நாற்காலியில வாயைப் பொளந்துகிட்டுக் கிடந்தேன். இங்க பாருங்க."

வாயைத் திறந்து காட்டினார். கடைவாயில் பஞ்சு அடைத்திருந்தது.

"அத்தான், சாட்சி வாய்க்குள்ளேயே இருக்கு," என்றான் கண்டக்டர்.

சர்வேயர் பல் டாக்டருக்கு போன் போட்டு இரண்டு நிமிஷத்தில் உறுதி செய்துகொண்டார். இரண்டு பல். ஒன்று வேரோடு வர மறுத்ததால் மூன்று பேர் பிடித்துக்கொண்டார்களாம். கான்ட்ராக்டர் டேப்பைச் சுருட்டியபடி, "நோட்டு போனது எனக்கும் வருத்தம்தான் சார். அதையெல்லாம் சேர்க்க அந்த டைப்பிஸ்ட் அம்மா அலைஞ்ச அலைச்சலைப் பார்த்தவன் நான்," என்றார். சொன்னவிதம் பொய்யாகத் தெரியவில்லை. கண்டக்டருக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது. கெட்டவன் என்று நினைத்தவன் நல்லவனாகிவிட்டால் அப்புறம் யாரைப் பிடிப்பது?

கோபுரத்துக்குள் நூற்றுநாற்பது படிகள். நூற்றுப்பதினெட்டில் கண்டக்டர் உட்கார்ந்துவிட்டான்.

"இதுக்கு மேல நான் டிக்கெட் எடுக்கல அத்தான். இங்கேயே இறங்கிக்கறேன்."

"இன்னும் கொஞ்சம்தான், வா."

"இதையேதான் அறுபதாவது படியிலயும் சொன்னீங்க."

இருந்தாலும் ஏறினான். உச்சி அறைக்குச் சுவர் கிடையாது. சுற்றிலும் கண்ணாடி. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு லென்ஸ் கூடு, அடுக்கடுக்காகக் கண்ணாடிப் பட்டைகள் வைத்துக் கட்டியது. நாலு பக்கமும் நடுவில் தட்டு அளவுக்கு வட்டமான தடிக் கண்ணாடி. அதில் ஒன்று கடலைப் பார்த்து, நேர் கிழக்கே இருந்தது. ஒரு பக்கம் சின்னப் பித்தளைக் கதவு. முன்னால் இந்தக் கூட்டுக்குள்தான் விளக்கு எரிந்தது. இப்போது விளக்கைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது இருந்த மேடையின் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் சாம்பல். நாற்பத்தொரு நோட்டும் இரண்டு கைப்பிடிச் சாம்பலாகியிருந்தன.

திங்கட்கிழமை சாயங்காலம் அந்த நோட்டுகளைக் கூட்டுக்குள் வைத்துப் பூட்டியவள் டைப்பிஸ்ட்தான். நேற்றே சொல்லியிருந்தாள். கீழே குவார்ட்டர்ஸில் கூரை ஒழுகுகிறது, கான்ட்ராக்டரின் ஆட்கள் பழைய சாமான் என்று எதைப் பார்த்தாலும் வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தால் கமிட்டி வரும்வரை எவனும் தொட மாட்டான்.

சர்வேயர் பித்தளைக் கதவைத் திறந்து குனிந்து வெகுநேரம் பார்த்தார். "மச்சான், சிகரெட் விழுந்தா பலகை எப்படிக் கருகும்?"

"வட்டமா. எங்க டிப்போ மேஜையில நாற்பது வட்டம் உண்டு."

"இங்க பாரு."

பலகையின் ஓரத்தில், சாம்பலுக்கு வெளியே, விரல் கனத்துக்கு ஒரு கருகிய கோடு. அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் சாய்வாக வந்து, நோட்டுகள் இருந்த இடத்தில் முடிந்திருந்தது.

"தீ பரவினா மேல போகும். இது பக்கவாட்டுல நடந்து வந்திருக்கு," என்றார் சர்வேயர். "இருபது வருஷத்துல நடக்கற தீயை நான் பார்த்ததில்ல. நீ ஒல்லி, உள்ள தலையை விட்டு அடியில ஏதாவது கிடக்கான்னு பாரு."

கண்டக்டர் முனகிக்கொண்டே கூட்டுக்குள் தலையை விட்டான். மணி எட்டடிக்க ஐந்து நிமிஷம். பலகைக்குக் கீழே எட்டிப் பார்க்கக் குனிந்தவன், அலறிக்கொண்டு வெளியே வந்து விழுந்தான்.

"யாரோ என் தலையில சிகரெட்டை அணைச்சுட்டாங்க அத்தான்."

உச்சந்தலையில், மிளகு அளவுக்குச் சிவப்பாக ஒரு புள்ளி. சர்வேயர் அதைப் பார்த்தார். பிறகு கூட்டுக்குள் பார்த்தார். அவனுடைய தலை இருந்த இடத்தில், பலகையின் மேல், கண்ணைக் கூச வைக்கும் வெள்ளைப் பொட்டு ஒன்று நின்றுகொண்டிருந்தது. சட்டைப்பையில் இருந்த செய்தித்தாளை மடித்து அதன் அடியில் நீட்டினார். தாள் பழுப்பானது. கறுத்தது. புகைந்தது. அவர் சட்டென்று வெளியே எடுத்து மிதித்து அணைத்தார்.

இருவரும் கிழக்கே திரும்பினார்கள். கடலுக்கு மேலே நன்றாக எழுந்திருந்த சூரியன், வட்டக் கண்ணாடி வழியாகச் சாய்வாக உள்ளே வந்துகொண்டிருந்தான்.

"விளக்கு உள்ள இருந்தா வெளிச்சம் வெளிய போகும்," என்றார் சர்வேயர் மெல்ல. "வெளிய இருந்தா அதே வழியில உள்ள வரும். நாம சின்ன வயசுல பூதக்கண்ணாடியை வச்சுக் காகிதம் எரிக்கல? இது அதோட தாத்தா. சூரியன் ஏற ஏறப் பொட்டும் நகரும். நடக்கற தீ."

"அப்ப நூறு வருஷமா தினமும் எரிஞ்சிருக்கணுமே. எப்படி எரியாம இருந்துச்சு?"

சர்வேயர் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அறையைச் சுற்றிலும் கண்ணாடிக்கு மேலே ஒரு பித்தளைக் கம்பி. அதில் நூறு வளையங்களுக்குக் குறையாமல் தொங்கின. துணி இல்லை.

கண்டக்டர் அந்த வளையங்களையே பார்த்தான். நேற்று ராத்திரி லாட்ஜில் பொழுது போகாமல், டைப்பிஸ்ட் கொடுத்திருந்த நகல் கட்டைப் புரட்டிப் படித்தவன் அவன். பதினோரு வருஷமாக நோட்டுகளைப் பார்த்து அவளே டைப் அடித்தவை. டைப் அடித்ததை யாரும் அடிக்கலாம், மூலம் வேண்டும் என்று கமிட்டி சொல்லிவிட்டதால் பிரயோஜனம் இல்லாத கட்டு. பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரி. அதைப் பார்த்துவிட்டு, 'தினமும் திரை போட்டிருக்கானுங்க, இதென்ன சினிமாக் கொட்டகையா?' என்று சிரித்திருந்தான்.

"சூரியன் உதித்தது. விளக்கு அணைக்கப்பட்டது. திரை போடப்பட்டது," என்று இப்போது வாய்விட்டுச் சொன்னான். "தினமும் இதேதான் அத்தான். ஒரு நாள் விடாம."

"போனைப் போடு."

மணி அடித்த உடனே டைப்பிஸ்ட் எடுத்தாள். சர்வேயர் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா. மேல திரை ஒண்ணு இருந்திருக்கும் போலிருக்கே. போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

"திரையா? இல்ல சார், அதை நான்தான் கழட்டினேன். திங்கட்கிழமை, நோட்டை வச்சுட்டு வரும்போது. கமிட்டி வந்து பார்க்கும்போது அழுக்கா இருக்கக் கூடாதுன்னு. எத்தனை வருஷத்துத் தூசி தெரியுமா, நாலு தண்ணி மாத்தினேன். இஸ்திரி போட்டு வச்சிருக்கேன், வெள்ளிக்கிழமை காலையில மாட்டிக்கலாம்னு. ஏன் சார் கேட்கறீங்க?"

"சும்மாதான். கணக்குக்கு."

சர்வேயர் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

"திரை தூசிக்குன்னு நினைச்சிருக்காங்க," என்றான் கண்டக்டர். "பதினோரு வருஷமா அந்த வரியை அடிச்சும், அது எதுக்குன்னு தெரியல."

"எழுதினவங்க எவனும் எதுக்குன்னு எழுதலையே மச்சான்."

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஃபைல்களுக்கு நடுவே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சிகரெட் ஒன்பது மணிக்கு வாங்கியது என்று சர்வேயர் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்படியா. சரி, அந்த ஆள் பத்த வைக்கல. அப்ப தீ எப்படி வந்தது?"

"தானா வந்ததுன்னு வச்சுக்குங்களேன். வெயில்ல."

"சார், நான் வெயில்மேல கேஸ் போட முடியாது. அரசாங்கக் கட்டடத்துல தீ. மேலேர்ந்து ரெண்டு தடவை போன் வந்தாச்சு. ஒரு அஜாக்கிரதை இருக்கணும், அதுக்கு ஒரு பேர் இருக்கணும். இவர் இல்லேன்னா இன்னொரு பேர் சொல்லுங்க, இப்பவே மாத்தி எழுதிக்கறேன். இருக்கா?"

இருந்தது. சர்வேயரின் நாக்கு நுனியில்தான் இருந்தது. வாசல் பெஞ்சில் டைப்பிஸ்டாக உட்கார்ந்திருந்தது. கண்டக்டர் அத்தானின் முகத்தையே பார்த்தான். ஈயாடவில்லை.

"அவரோட அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்று மட்டும் கேட்டார்.

விளக்குக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கடலைப் பார்த்தே பழகிய கண், நாலடி அறைக்குள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றவர்களை அவர் பார்த்தார். கண்டக்டரின் தலையில் வந்து பார்வை நின்றுவிட்டது.

"எட்டு மணிக்கு மேல போனீங்களா?" என்றார்.

கண்டக்டர் தலையைத் தடவிக்கொண்டான்.

"எனக்கும் ஒண்ணு இருக்கு," என்று புறங்கையைக் காட்டினார். பழைய, வெளுத்த தழும்பு. "வேலைக்குச் சேர்ந்த மாசம். பெரியவர் ஒருத்தர் அறைஞ்சு சொல்லிக் கொடுத்தார். அதுக்கப்புறம் திரையை மறந்ததே இல்ல."

"உங்க வீட்டுல சொல்லலையா?" என்று கேட்டார் சர்வேயர்.

"அவ எல்லாத்தையும் கேட்பா சார். லென்ஸ் சுத்தறதுக்கு எத்தனை மணிக்கு ஒரு தடவை சாவி கொடுக்கணும், மூடுபனியில என்ன பண்ணுவீங்க, எந்தக் கப்பலுக்கு எப்படி. இதை மட்டும் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல. எழுந்ததும் பல்லு ஏன் விளக்கறோம்னு யாராவது யாருக்காவது சொல்லுவாங்களா? அவ நோட்டை அங்க வச்சதும் எனக்குத் தெரியாது, திரையைக் கழட்டினதும் தெரியாது. புகையைப் பார்த்து மேல ஓடினேன். வளையம் எல்லாம் சும்மாத் தொங்குது. அப்பவே புரிஞ்சுபோச்சு. அவ வாளியோட பின்னாலயே ஏறி வர்றா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"அப்புறம் சிகரெட் வாங்கப் போனீங்க."

"வேற என்ன சார் சொல்றது?" அவர் குரல் தாழ்ந்தது. "அந்த நோட்டு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியில இருந்தது. செத்துப்போனவங்க பொண்டாட்டிகிட்ட, பிள்ளைங்ககிட்ட, வாசல்ல நின்னு கெஞ்சி வாங்கினா. பத்திரமாத் திருப்பித் தரேன்னு நாற்பத்தொரு வீட்டுல சொல்லியிருக்கா. அதை அவளே எரிச்சான்னு தெரிஞ்சா அவ என்ன ஆவா? ஆறு மாசம் போடுவாங்களாம். இருந்துட்டு வந்துடறேன். என்னைத் திட்டட்டும். புருஷனைத் திட்டறது சுலபம் சார், ஆயுசுக்கும் திட்டலாம். தன்னையே திட்ட ஆரம்பிச்சுட்டா யார் போய் நிறுத்தறது?"

கண்டக்டர் சும்மா இருந்திருக்கலாம். அவனால் முடியவில்லை. "நீங்க சிகரெட் பிடிச்சதை அவங்க ஒரு நிமிஷம்கூட நம்பல சார். அதனாலதான் எங்களையே கூப்பிட்டாங்க."

விளக்குக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நம்பலையா?"

"இல்ல."

"அதை நான் யோசிக்கல," என்றார். பிறகு, "அவகிட்ட சொல்லிடாதீங்க," என்றார். சர்வேயர் தலையாட்டினார். சரி என்றா, முடியாது என்றா என்று கண்டக்டருக்கே தெரியவில்லை.

வாசல் பெஞ்சில் டைப்பிஸ்ட் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கமிட்டிக்கு எழுதின மனு. மூலம் எரிந்துபோனதால் நகலையே ஏற்றுக்கொள்ளும்படி காலையில் புதிதாக அடித்துக்கொண்டு வந்திருந்தாள். அவர்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

"கான்ட்ராக்டர்தானே சார்?"

"அவர் இல்லைம்மா. அந்த நேரத்துல பல் டாக்டர்கிட்ட இருந்திருக்கார். விசாரிச்சுட்டோம்."

"அப்ப யாரு?"

கண்டக்டர் மனசுக்குள் கணக்குப் போட்டான். உண்மையைச் சொன்னால் இவள் இந்த நிமிஷமே உள்ளே போய்த் தன் பேரை எழுதச் சொல்வாள். புருஷன் வெளியே வருவார். அப்புறம் தன்னையே திட்டிக்கொள்ளும் இவள் முகத்தை அவர் ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். சொல்லாவிட்டால் குற்றமே செய்யாத மனுஷன் நாலு மணிக்கு கோர்ட்டில் நிற்பார். இரண்டில் எதைச் செய்தாலும் யாரோ ஒருவர் வாழ்க்கை போகிறது. முடிச்சை அவிழ்த்துவிட்டால் மிச்சமெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றுதான் ஆறு வருஷமாக அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

"தெரியலைம்மா," என்றார் சர்வேயர். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கண்டக்டர் கேட்டதில்லை.

"தெரியலையா?" டைப்பிஸ்ட் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சிகரெட் ஒன்பது மணிக்கு வாங்கினதுன்னு காலையில போன்ல சொன்னீங்களே. அவ்வளவு கண்டுபிடிச்சவருக்கு இது தெரியலையா? நேத்து ராத்திரி வரைக்கும் தெரிஞ்சுரும், தெரிஞ்சுரும்னீங்க. கான்ட்ராக்டரைப் பார்த்துட்டு வந்ததும் தெரியலைங்கறீங்க. உங்களையும் நல்லாக் கவனிச்சுட்டானா?"

கண்டக்டருக்கு ரத்தம் கொதித்தது. "அம்மா, எங்க அத்தானைப் பார்த்து—"

சர்வேயர் அவன் கையைப் பிடித்து அழுத்தினார். அவள் சொன்னதை மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அவள் அப்படியே நினைத்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டார் போலிருந்தது.

"சரி," என்றாள் டைப்பிஸ்ட். "யாரையும் நம்பி நான் இதை ஆரம்பிக்கல. பதினோரு வருஷம் தனியாத்தான் அலைஞ்சேன். மேல போக நான் கொடுத்த சாவி உங்ககிட்ட இருக்கில்ல? கொடுங்க."

"எதுக்கும்மா?"

"நாளைக்குக் காலையில நானே மேல போய் உட்காரப் போறேன். தீப்பிடிச்ச அதே எட்டு மணிக்கு. அந்த நேரத்துல கீழ யார் வர்றாங்க, போறாங்க, எந்த ஜன்னல்லேர்ந்து எது தெரியுதுன்னு ஒண்ணு விடாமப் பார்க்கறேன். ஏதாவது ஒண்ணு என் கண்ணுல படாமலா போயிடும்?"

"போகாதீங்கம்மா," என்றார் சர்வேயர்.

"ஏன்?"

ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் பிழைப்பு நடத்தியவர், கண்டக்டர் பக்கம் திரும்பினார்.

"படி வழுக்கும்மா," என்றான் கண்டக்டர். தான் சொன்னது எவ்வளவு அசட்டுத்தனம் என்று சொல்லும்போதே தெரிந்தது.

"எந்தப் படி எப்படின்னு எனக்குத் தெரியும்," என்று அவள் கையை நீட்டினாள்.

சாவி அவளுடையது. கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. சர்வேயர் பையில் கை விட்டுத் தேவைக்கு அதிகமாகத் தேடினார். பிறகு எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் மனுவைப் பையில் செருகிக்கொண்டு, உள்ளே இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போனாள். நடையில் கொஞ்சமும் தளர்ச்சி இல்லை.

கண்டக்டர் தெருவில் இறங்கி, கையால் நெற்றிக்கு மேல் மறைத்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்தான்.

"அத்தான், நாளைக்கு மேகம் போடுமா?"

"பேப்பர்ல பார்த்தேன் மச்சான்," என்றார் சர்வேயர். "ஒரு வாரத்துக்கு நல்ல வெயில்னு போட்டிருக்கான்."